இரண்டாவது ரெக்கார்டு ஏன் வரவில்லை

முதலில் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்திவிடலாம். ரெக்கார்டு அட்டையின் பின்பக்கம், கடைசி வரியில், வாத்தியக்காரர்கள் பட்டியலில் ‘கேத்தன்’ என்று ஒரு பெயர் இருக்கிறது பாருங்கள். அது நான்தான். கேத்தன் என்பது குஜராத்திப் பையன்களுக்கு வைக்கிற பெயர். என் பெயர் காயெத்தான். காயெத்தான் ரெபெல்லோ. அச்சடித்தவன் கோவாக்காரன் பெயரை எங்கே கண்டான், காதில் விழுந்ததைப் போட்டுவிட்டான். நாற்பத்திரண்டு வருடமாக அந்தக் கேத்தன் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நீங்கள்தான் டெல்லியில் பிறந்து, பெர்லினில் வேலைக்குப் போய், அங்கிருந்து பம்பாயில் இந்த மாலாடு வரைக்கும் வந்து கேட்டிருக்கிறீர்கள்.

ரெக்கார்டை மறுபடி வெளியிடும்போது புது அட்டையில் எல்லாவற்றையும் சரியாகப் போடப் போவதாகச் சொன்னீர்கள். யார் எழுதியது, யார் வாசித்தது, எது யாருடைய வேலை, ஒன்று விடாமல். நல்ல காரியம். எனக்கு எழுபத்தேழு வயது. இனிமேல் மறைத்து எதைச் சம்பாதிக்கப் போகிறேன். இரண்டாவது ஆல்பத்துக்கான ரீல் ஒன்று கிடைத்திருக்கிறது, அதில் ஐந்தாவது பாட்டு பாதியில் நின்றுபோகிறது, டேப் அறுந்துவிட்டதா என்று கேட்டீர்கள். டேப் அறுந்துபோகவில்லை. அதைச் சொல்வதற்கு முன்னால் முதல் ஆல்பத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

‘ரேஷ்மி பிஜ்லி’ 1980 டிசம்பரில் வந்தது. அட்டையில் அதைப் பாடிய லூர்தினா வெள்ளிக் கால்சட்டை போட்டுக்கொண்டு கண்ணாடி உருண்டைக்குக் கீழே நிற்கிறாள். கால்சட்டை இரவல். இடுப்பு இரண்டு மடங்கு பெரிது, முதுகுப் பக்கம் முழுக்க ஊக்கு குத்தியிருந்தது. அதனால்தான் அவள் அப்படி விறைத்துக்கொண்டு நிற்கிறாள். பத்திரிகைக்காரர்கள் அதை ஒய்யாரம் என்று எழுதினார்கள். அவள் படத்துக்கு மேலே பெரிய எழுத்தில் ‘இசை: விக்கி மிர்ச்சந்தானி’ என்று இருக்கிறது. விக்கி, கம்பெனி முதலாளியின் அண்ணன் மகன். அவனுக்கு இசை தெரியாது என்று சொல்ல மாட்டேன். கார் ஓட்டும்போது நன்றாக விசில் அடிப்பான்.

ஏழு பாட்டும் நான் எழுதியது. மெட்டு, வயலின் வரிகள், பேஸ் கித்தார் நடை, தாளத்தின் மேல் அந்தத் தட்டு இரண்டாகப் பிரிந்து பிரிந்து விழுகிறதே, அது எல்லாம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. பம்பாயில் அதுதான் வழக்கம். பெரிய மனிதர் ஒரு வரியை முணுமுணுப்பார். அதை நோட்டில் எழுதி, முப்பது பேர் கையில் தாளாகக் கொடுப்பது எங்கள் ஆட்கள். கோவாவில் மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் எட்டு வயதுக்குள் பிரம்பால் அடித்தே நோட்டுப் படிக்கக் கற்றுக்கொடுத்துவிடுவார்கள், அதனால் இந்த வேலைக்கு நாங்கள்தான். பேர் அவர்களுக்கு, நோட்டு எங்களுக்கு. விக்கி விஷயத்தில் அந்த முணுமுணுப்பும் கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

லூர்தினா ட்ராக் பாடுகிறவள். பெரிய பாடகிக்கு நேரமில்லாத நாளில் ஷூட்டிங் நிற்கக் கூடாது என்று வேறொரு பெண்ணை வைத்துப் பாட்டைப் பதிவு பண்ணிவிடுவார்கள். அப்புறம் பெரியவர் சாவகாசமாக வந்து, அந்தக் குரலை அழித்துவிட்டுத் தன் குரலைப் போடுவார். ஆறு வருடத்தில் லூர்தினா இருநூறு பாட்டுக்கு மேல் பாடினாள். ஒன்றுகூட மிச்சம் இல்லை. அதற்காக அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்ததில்லை. “என் பாட்டைக் கேட்ட ஒரே ரசிகன் நீதான் காயெத்தான். அதனால கொஞ்சம் மரியாதையா கைதட்டு” என்பாள்.

‘ரேஷ்மி பிஜ்லி’யையும் வேறொரு பாடகிக்காகத்தான் அவள் ட்ராக் பாடினாள். அந்தப் பாடகி வந்து கேட்டுவிட்டு, இந்த உயரத்துக்கெல்லாம் தன்னால் ஏற முடியாது என்று போய்விட்டார். நான் அப்படி எழுதியிருந்தேன். வேண்டுமென்றே எழுதினேன். லூர்தினாவின் குரல் மேலே போகும்போது ஓரிடத்தில் லேசாக உடைந்து மறுபடி சேரும். ஏழு பாட்டையும் அந்த இடத்தைச் சுற்றித்தான் கட்டினேன். வேறு யார் பாடினாலும் அங்கே விழுவார்கள். அவள் பெயர் அட்டையில் வந்தது அதனால்தான். இது அவளுக்கும் தெரியும்.

அவளுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. பாடுகிறவர்கள் எல்லாரிடமும் உண்டு, ஆனால் அவளிடம் கண்டிப்பாக இருந்தது. ஸ்டுடியோவில் யார் கையாலும் எதையும் வாங்கிச் சாப்பிட மாட்டாள். வீட்டிலிருந்து பிளாஸ்க், வீட்டிலிருந்து டப்பா. வெற்றிலை, இனிப்பு, தண்ணீர்கூட வேண்டாம் என்று சிரித்துக்கொண்டே கைகூப்பிவிடுவாள். பொறாமைக்காரர்கள் செந்தூரத்தைக் கலந்து கொடுத்துக் குரலை அழித்துவிடுவார்கள் என்று பாடகர்களிடையே பயம். இன்னார் குரல் அப்படித்தான் போனது என்று ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள்.

அங்கே ஒரு தர்மசங்கடம். முதலாளி மிர்ச்சந்தானி சேட்டுக்குப் பாட்டுக்கு ஒரு பூஜை போட்டாக வேண்டும். காலை பத்து மணிக்கு ரெக்கார்டிங் மேஜைமேல் சிவப்புத் துணி விரித்து ஒரு தாம்பாளம் வைப்பார். தேங்காய், ஊதுபத்தி, ஒரு கிண்ணத்தில் செந்தூரம், ஒரு பெட்டி பால்பேடா. டேப் மிஷினுக்குப் பொட்டு வைத்துத் தேங்காய் உடைத்த பிறகுதான் மிஷின் ஓடும். பேடாவை எல்லாரும் சாப்பிட வேண்டும், வேண்டாமென்றால் சேட் முகம் சுருங்கிவிடும். முதல் நாள் லூர்தினா அதைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தாள்.

“அரே, சாப்பிடு. பாலும் சக்கரையும்தான்” என்றேன்.

“அம்மாவுக்குத் தெரிஞ்சா ஃபாதர்கிட்ட இழுத்துட்டுப் போவா. பூஜை வச்சது தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்கா.”

“ஃபாதருக்கும் ரெண்டு எடுத்துட்டுப் போ. அப்புறம் பேச மாட்டார்.”

அவள் சிரித்துவிட்டாள். நான் ஒரு பேடாவை எடுத்து இரண்டாகப் பிட்டு, ஒரு பாதியை என் வாயில் போட்டுக்கொண்டு, மறுபாதியை அவளிடம் கொடுத்தேன். சாப்பிட்டாள். அன்றிலிருந்து அதுவே பழக்கமாகிவிட்டது. சேட் தட்டை நீட்டினால், “காயெத்தான் தருவான்” என்று என்னைக் கைகாட்டுவாள். அந்த ஸ்டுடியோவில், ஏன், அவள் வீட்டு வாசலைத் தாண்டி இந்த ஊரிலேயே, அவள் வாங்கிச் சாப்பிட்டது என் கையால் மட்டும்தான். எனக்கு அது பெருமையாக இருந்தது. மறுக்க மாட்டேன்.

ஆல்பம் ஓடியதைப் பற்றி நீங்களே படித்திருப்பீர்கள். டாக்ஸியில், கல்யாண பேண்டு வாத்தியத்தில், பிள்ளையார் ஊர்வலத்தில் எல்லாம் அதுதான். பெரிய ஓட்டலில் விழா வைத்து, அவ்வளவு விற்றதற்கு வெள்ளித் தட்டு கொடுத்தார்கள். லூர்தினா மேடையில், சொல்லிக்கொடுத்தபடி, விக்கி சாபுக்கு நன்றி சொன்னாள். நான் மூன்றாவது வரிசையில் அவளுடைய பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இறங்கி வந்ததும் “மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காத. உனக்கு மனசுல சொல்லிட்டேன்” என்றாள். எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை.

1981 செப்டம்பர் கடைசியில், இரண்டாவது ஆல்பத்துக்கு நான் ஒன்பது பாட்டு எழுதி முடித்திருந்தேன். வியாழக்கிழமைக்கு ஒரு பாட்டு என்று ஸ்டுடியோ எடுத்திருந்தார்கள். ஒரு மத்தியானம் தோபி தலாவ் பக்கம் ஈரானி டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம், நான் பன்னும் வெண்ணெயும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவள் தன் டப்பாவைத்தான் திறந்து வைத்திருந்தாள். லண்டனிலிருந்து ஒரு கம்பெனி கூப்பிட்டிருக்கிறது என்றாள். பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி.

“ஜனவரி பத்தாம் தேதி டிக்கெட். ரேஷ்மி பிஜ்லியவே இங்கிலீஷ்ல மறுபடி பாடணுமாம். புது மியூசிக் போட்டு.”

“அப்ப நோட்டையெல்லாம் எடுத்து வைக்கட்டுமா?”

“அதெதுக்கு? அங்க நிஜமான அரேஞ்சருங்க இருக்காங்களாம்.” சொல்லிவிட்டு என் பன்னில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு சிரித்தாள்.

அவள் எப்போதும் அப்படித்தான் கேலி பேசுவாள். நானும் சிரித்தேன். வலித்தது. அதைச் சொல்ல வெட்கமில்லை.

ஆனால் அந்த வலிக்காகச் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள், அது சரியாக இருக்காது. நான் யோசித்தது பாட்டைப் பற்றி. அந்தக் குரல் எங்கே உடையும், உடைந்தால் கீழே எந்த வயலின் அதைத் தாங்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மட்டும் தெரிந்த விஷயம். லண்டனில் அதைத் தட்டையாக்கியிருப்பார்கள். முதலில் பதிந்தது மறந்துபோய், அதுதான் பாட்டு என்று ஆகியிருக்கும். ட்ராக் பாட்டை அழித்துவிட்டு மேலே இன்னொன்று பதிகிற மாதிரிதான். இந்த முறை அழிவது அவள் குரல் அல்ல, என்னுடையது. அவள் ஜனவரியில் போகாமலிருந்தால் போதும், அவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். ஒரு மாதம் தொண்டை கட்டினால் போதும். நான் நினைத்தது அவ்வளவுதான்.

அக்டோபர் எட்டாம் தேதி முதல் பாட்டு. தாம்பாளம் எப்போதும்போல மேஜைமேல் இருந்தது. நான் வெளியில் போய் எதையும் வாங்கவில்லை, எதையும் ஒளித்துக் கொண்டுவரவுமில்லை. பேடாவைப் பிட்டு, அவள் பாதியின் உள்பக்கம் விரலால் செந்தூரத்தை அழுத்தி மூடினேன். நெற்றிக்கு வைக்கிற அளவுதான். என் பாதியில் படாமல் பார்த்துக்கொண்டேன். கொடுத்தேன், சாப்பிட்டாள். பாட்டு இரண்டாவது டேக்கில் முடிந்தது. உங்கள் ரீலில் அது இருக்கிறது, நன்றாக வந்திருக்கிறது.

நீங்கள் அப்படிப் பார்க்க வேண்டாம். செந்தூரத்தால் குரல் போகும் என்பதெல்லாம் மூடநம்பிக்கை, கிறிஸ்தவன் அதற்குப் பயப்படக் கூடாது என்று எங்கள் ஃபாதர் பிரசங்கத்திலேயே சொல்லியிருக்கிறார். நான் அதைப் பாதி நம்பினேன். முழுசாக நம்பியிருந்தால் ஒரு முறையோடு விட்டிருப்பேன். நம்பாததால்தான் மறுபடியும் கொடுத்தேன். இதை எந்தக் கோர்ட்டும் புரிந்துகொள்ளும் என்று நினைக்கிறேன்.

புதன்கிழமைகளில் நானும் அவளும் மாஹிம் மாதா கோயிலுக்கு நவநாள் போவோம். தொடர்ந்து ஒன்பது புதன் போனால் மாதா கேட்டதைக் கொடுப்பாள் என்பது நம்பிக்கை. அந்த வருடம் ஜனவரிப் பயணம் நல்லபடியாக அமைய வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டு ஆரம்பித்தாள். நானும் பக்கத்தில் முழங்காலிட்டு என் வேண்டுதலைச் சொன்னேன். புதன்கிழமை நவநாள், வியாழக்கிழமை பேடா. ஒன்பது பாட்டு, ஒன்பது புதன். அந்தக் கணக்கு தானாக அமைந்தது, நான் அமைக்கவில்லை.

இரண்டாவது வாரம் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது வாரம், “வாயெல்லாம் செப்புக்காசு சப்பின மாதிரி இருக்கு. என்ன கர்மமோ” என்றாள். நான்காவது வாரம் ஈறில் ரத்தம் வந்தது, உச்சிக்குப் போன குரல் சறுக்கியது. பன்னிரண்டு டேக் எடுத்தோம். சேட் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “மாஸ்டர், பொண்ணுக்கு யாரோ கண்ணு வச்சுட்டாங்க. அடுத்த வாரம் பெரிய தேங்காயா வாங்கிடறேன்” என்றார். வாங்கினார்.

நவம்பர் ஐந்தாம் தேதி, ஐந்தாவது பாட்டு. இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வயலின்கள் மேலே ஏறி ஒரு இடத்தில் நிற்கும், அவள் அங்கே வந்து சேர வேண்டும். வாயைத் திறந்தாள். காற்று மட்டும் வந்தது. மறுபடி முயன்றாள். முப்பது பேரும் வில்லை இறக்கிவிட்டு அவளையே பார்த்தார்கள். அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்தாள். நான் டேப்பை நிறுத்தச் சொன்னேன். நீங்கள் கேட்ட இடம் அதுதான்.

ஐந்தோடு நிறுத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நான் நினைத்தபடி தொண்டை கட்டிவிட்டது, டிக்கெட் எப்படியும் போய்விடும். எனக்கே சரியாக விளக்கத் தெரியவில்லை. நவநாளை நடுவில் விட்டால் பலிக்காது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன். அதுவாக இருக்கலாம். இல்லாவிட்டால், தொண்டை சரியாகிவிட்டால் பிப்ரவரியில் போவாள் என்பதாகவும் இருக்கலாம்.

ஆறாவது வியாழனிலிருந்து அவள் வீட்டுக்கே கொண்டுபோனேன். அவள் குணமாக வேண்டும் என்று சேட் தினமும் பூஜை போடுகிறார், பிரசாதம் கொடுத்தனுப்பினார் என்றேன். அது பொய்யல்ல, சேட் உண்மையிலேயே பூஜை போட்டார். அவள் அம்மா கொன்செய்சாவ் கதவைத் திறப்பாள். பூஜை வைத்ததைத் தொடக் கூடாது என்று சொல்லி வளர்த்த அதே அம்மாதான்.

“வா மகனே. கஞ்சிகூட இறங்க மாட்டேங்குது அவளுக்கு. நீ குடுத்தா ரெண்டு வாய் சாப்பிடறா.”

“சேட் பேடா குடுத்தாரு ஆன்ட்டி. உங்களுக்குப் பரவாயில்லையா?”

“எந்தச் சாமியா இருந்தா என்ன, என் பொண்ணுக்குக் கொரல் வந்தா போதும்.”

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பேடாவைப் பிட்டு அவள் பாதியைக் கொடுப்பேன். விழுங்கக் கஷ்டப்படுவாள். தண்ணீர் கொடுப்பேன். ஒன்பதாவது, டிசம்பர் மூன்றாம் தேதி. அன்றைக்குப் புனித சவேரியார் திருநாள், எங்கள் கோவாவுக்கே பெரிய நாள். அவளைக் கைத்தாங்கலாக ஜன்னலுக்குக் கூட்டிவந்து கீழே போகிற ஊர்வலத்தைக் காட்டினேன். அதோடு நிறுத்திவிட்டேன். அதன் பிறகு நான் எதுவும் கலந்து கொடுத்ததில்லை. அதை எந்தச் சாமி முன்னாலும் சத்தியம் பண்ணிச் சொல்வேன்.

ஜனவரியில் ஒரு பார்சி டாக்டரிடம் கூட்டிப்போனோம். அதற்குள் அவள் கைகளிலும் நடுக்கம் வந்திருந்தது, பேனா பிடிக்க முடியவில்லை. குரல் மூச்சாகத்தான் வரும், அதுவும் கொங்கணியில் இரண்டு மூன்று வார்த்தை. அவள் அம்மாவுக்கே கேட்காது. எனக்கு மட்டும் கேட்டது. முப்பது வயலினில் ஒரு தந்தி பிசகினால் கண்டுபிடிக்கிற காது. அதனால் அவள் சொல்வதை நான் டாக்டருக்குச் சொன்னேன்.

“வெளியில ஏதாவது சாப்பிட்டாங்களா?” என்று டாக்டர் கேட்டார்.

லூர்தினா என் பக்கம் திரும்பாமல் டாக்டரைப் பார்த்தே சொன்னாள். பூஜைப் பேடா, ஒவ்வொரு வியாழக்கிழமையும், என்றாள்.

“வீட்டுச் சாப்பாடுதான் டாக்டர். கண்டதைத் தொட மாட்டா” என்றேன்.

டாக்டர் எழுதிக்கொண்டார். லூர்தினா அப்போதுதான் என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். களைப்பாக இருந்திருப்பாள்.

லண்டன்காரர்கள் அனுதாபக் கடிதம் எழுதினார்கள். சேட் இரண்டாவது ஆல்பத்தை மூட்டை கட்டினார். நான் எழுதிய ஒன்பது பாட்டும், பதிந்த நாலரையும் அதில் போயிற்று, என் பக்கத்து நஷ்டத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். கொன்செய்சாவ் ஆன்ட்டிக்கு என்மேல் உயிர். பேச்சில்லாத பெண்ணை யார் கட்டுவார்கள், இந்த மகராசன் தினமும் வந்து பார்த்துக்கொள்கிறானே என்று பேட்டை முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள். மே மாதம் கல்யாணம். ஃபாதர் வயதானவர், காது மந்தம். சம்மதமா என்று அவளைக் கேட்டார். அவள் உதடு அசைந்தது. ஃபாதர் குனிந்து காதை நீட்டினார். மறுபடி அசைந்தது.

“என்னப்பா சொல்றா?” என்று என்னைக் கேட்டார்.

“சம்மதம்ங்கிறா ஃபாதர்.”

முன்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். சந்தோஷமான சிரிப்புதான். உண்மையில் அவள் என்ன சொன்னாள் என்று கேட்கிறீர்கள். கோயிலில் மின்விசிறிகளின் சத்தம் அதிகம். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

நாற்பது வருடம் ஆகிறது. ஒரு நாளும் அவள்மேல் கை நீட்டியதில்லை. குடித்துவிட்டு வந்ததில்லை. எங்கள் ஆட்களில் அது அபூர்வம், விசாரித்துப் பாருங்கள். மீன்காரியிடம், பால்காரனிடம், அக்கம்பக்கத்தில், எல்லா இடத்திலும் அவளுக்காக நான்தான் பேசுகிறேன். பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால், கூண்டுக்குள் உன் பேச்சு ஃபாதருக்குக் கேட்காது, நான் பக்கத்தில் நின்று எடுத்துச் சொல்கிறேன் என்றேன். அதன் பிறகு அவள் பாவசங்கீர்த்தனத்துக்கே போவதில்லை. வீட்டில் ரெக்கார்டு போடுகிற பெட்டி வைத்துக்கொள்ளவில்லை. கேட்டால் அவள் மனம் நோகும். எனக்குக் கேட்கத் தேவையும் இல்லை.

ஒரு விஷயம் மட்டும் நினைத்துப் பாருங்கள். அன்றைக்குப் பாடியவர்கள் எல்லாம் அறுபது வயதில் கரகரத்த குரலோடு டிவியில் வந்து பழைய பாட்டைக் கொன்றார்கள். லூர்தினா குரலுக்கு அது நடக்கவில்லை. இருபத்துநாலு வயதில் எப்படி இருந்ததோ அப்படியே ஏழு பாட்டில் இருக்கிறது. பெர்லினில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் மயங்கினீர்களே, அந்தக் குரல்தான். அதை யாரும் தொடாமல் காப்பாற்றியது யார். எது யாருடைய வேலை என்று ஒன்று விடாமல் போடுவதாகச் சொன்னீர்கள். இசை காயெத்தான் ரெபெல்லோ என்று போடுங்கள். அந்தக் குரல் அதோடு நின்றதும் காயெத்தான் ரெபெல்லோ செய்ததுதான். செந்தூரம் கொடுத்தேன், ஒன்பது முறை, தெரிந்தே கொடுத்தேன். அவளிடம் இதை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் புருஷன் பெண்டாட்டிக்குள் சொல்லித்தான் தெரிய வேண்டுமா. எப்போதோ மன்னித்துவிட்டாள். அது எனக்குத் தெரியும்.

இதோ, டீ கொண்டுவந்துவிட்டாள். சமையலறைக் கதவுக்குப் பின்னால்தான் இவ்வளவு நேரம் நின்றிருக்கிறாள். அவளுக்கு ஹிந்தி நன்றாகப் புரியும், ஏழு பாட்டும் ஹிந்திதானே. தட்டை வாங்கிக்கொள்ளுங்கள், அவள் கை ஆடும்.

லூர்தினா, அது அவருடைய போன், பேச்சைப் பதிந்துகொண்டிருக்கிறது. அதை எதற்கு எடுக்கிறாய்.

பரவாயில்லையா. சரி, இருக்கட்டும். வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறாள் பாருங்கள், மைக்குக்கு எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்று தெரிந்தவள். பேசட்டும். நாலு வார்த்தைக்குமேல் பேசினால் அவளுக்கு மூச்சு வாங்கும், தானே நிறுத்திவிடுவாள்.

இவ்வளவு நேரம் அவள் பேசி நான் பார்த்ததில்லை.

கொங்கணி. உங்களுக்குப் புரியாது. அதை எடுத்துப்போய் வேறு யாரிடமும் போட்டுக்காட்டி அர்த்தம் கேட்க வேண்டாம், அவள் பேச்சு என்னைத் தவிர ஒருவருக்கும் பிடிபடாது. நானே சொல்லிவிடுகிறேன். டீ ஆறிப்போகிறது, குடியுங்கள் என்கிறாள்.